கதிர்வேலின் வயது

கழுத்துப் பட்டியில் ஒரு நூல், தோள் தையலில் ஒரு நூல், அக்குளில் எப்பவும் கொத்தாக நிற்கும், வெட்டு, உதறு, மடித்துப் போடு, அடுத்ததை எடு, இது குழந்தைப் பனியன், மஞ்சள், நெஞ்சில் ஒரு வாத்து, எந்தத் தேசத்துக் குழந்தை போடுமோ, அந்தக் குழந்தையின் அம்மாவும் இந்நேரம் கணக்குப் போட்டுக்கொண்டு இருப்பாளோ என்னமோ, இருக்காது, அவள் எல்லாம் அந்தந்த வயசிலேயே போட்டு முடித்திருப்பாள், நான்தான் பெண் மூணாங்கிளாசுக்கு வந்த பிறகு இப்போது உட்கார்ந்து போடுகிறேன். பிசிறு வெட்ட மனசு வேண்டியதில்லை, கை தன்பாட்டுக்கு வெட்டும், டிரிம்மர் கத்திரி கிச்கிச்சென்று கத்திக்கொண்டே இருக்கும், ஆனால் கை நின்றால் பண்டல் நிற்கும், காலையில் கம்பெனி டெம்போ வந்து நிற்கும், அதனால் பென்சில் எடுக்க முடியாது, மனசுக்குள்ளேயேதான் போட்டாகணும். கணக்கு எதிரிலேயே இருக்கிறது, கதவில் கேலண்டர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன், பிலோமினா டீச்சரின் குண்டு குண்டுக் கையெழுத்து. கதிர்வேலின் வயது, அவருடைய மகளின் வயதைப் போல் நான்கு மடங்கைவிட ஒன்று குறைவு. இருவரின் வயதையும் கூட்டினால் நாற்பத்து நான்கு. எனில் இருவரின் வயது என்ன. அவ்வளவுதான் கணக்கு, துண்டுக் காகிதம், கீழே ஒரு முக்கோணம், அது ரெண்டாவது கணக்கு. சாயங்காலம் அங்கன்வாடியில் குழந்தைகள் எல்லாம் போன பிறகு எங்கள் கிளாஸ் நடக்கும், எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுதப்போகிற பொம்பளைங்க நாங்கள் கொஞ்சப் பேர், குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருப்போம், இன்றைக்கு நான் போர்டில் இதைப் போடணும், கணக்கை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லிச் சொல்லிப் போடணும். போட்டால்தான் இந்த வருசப் பரீட்சைக்கு என் பேர் போகும். ரெண்டு தடவை போர்டுக்குக் கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவே இல்லை, ஒருதரம் தலைவலி என்றேன், ஒருதரம் சும்மா சிரித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். டீச்சர் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கோகிலா, பயத்தோட உன்னப் பரீட்சைக்கு அனுப்பிச்சு, நீ ஒண்ணும் எழுதாம வந்தீன்னா, அப்பறம் இந்தப் பக்கமே வரமாட்டே. எனக்குத் தெரியும். நாளைக்கு நீ போடறே, இல்லீன்னா அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்கள். அடுத்த வருசம் என்று ஒன்று வருமா, வரும், வருசம் எல்லாம் ஒழுங்காகத்தான் வரும், நான்தான் வரமாட்டேன், அது எனக்கே தெரியும், ஒரு நூல் பல்லில் சிக்கிவிட்டது, எப்படித்தான் வாய்க்குள் போகுமோ.

கணக்குகூட இல்லை, பேர்தான் சங்கடம். இத்தனை பேர் இருக்கிற உலகத்தில் டீச்சருக்கு வேறே பேர் கிடைக்கவில்லை, ராஜா, ரஹீம், பீட்டர் என்று எவ்வளவு பேர் புத்தகத்தில் மாம்பழம் வாங்கிக்கொண்டும் வேலி கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள், அவர்களை எல்லாம் விட்டுவிட்டுச் சரியாக உள்ளறையில் குப்புறப் படுத்துத் தூங்குகிற இவங்க பேரை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். டீச்சருக்குத் தெரியாது, கிளாசில் யார் கேட்டாலும் தர்ஷிகா அப்பா என்றுதான் சொல்லுவேன், வீட்டில் மாமா. பேர் சொல்லி இதுவரைக்கும் வாயைத் திறந்ததில்லை. சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள், எங்கம்மா சொன்னதில்லை, அத்தை சொன்னதில்லை, இந்த லைன் வீட்டிலேயே வயசானவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், நம்புகிறேனா என்றால் நம்பவில்லைதான், ஆனாலும் நைட் ஷிப்டுக்கு வண்டியில் போகிற மனுசனை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்க முடியுமா. அதிலும் பாருங்கள், கணக்கே வயசுக் கணக்கு, அதிலும் "ஒன்று குறைவு" என்று எழுதியிருக்கிறது. யார் குறைத்தது. எவளோ பேர் சொல்லிவிட்டாள் போல. நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் துணியில் ஓட்டை விழும். தர்ஷிகா பிறக்கும்போது இப்படித்தான், வலி உயிர் போகிறது, நர்சம்மா சீட்டு எழுத உட்கார்ந்துகொண்டு புருசன் பேர் என்ன என்று கேட்கிறார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சூரியன்கிட்ட இருந்து வருமில்லீங், அது. அப்பறம் முருகர் கையில வெச்சிருப்பாருங்" என்றேன். "நீ புள்ள பெக்க வந்தியா, விடுகதை போட வந்தியா" என்றார்கள். அப்புறம் அவர்களாக சூரியவேல் என்று எழுதிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் இவங்க உட்கார்ந்திருக்க, சூரியவேல் யாரு, சூரியவேல் வாங்க, பொண்ணு பொறந்திருக்கு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், இவங்க பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, "அண்ணா, உங்களத்தான் கூப்பிடறாங்க, போங்க" என்று சொல்லியிருக்கிறார். ஜெரினாக்காவிடம் நேற்று இதைச் சொன்னதுதான் தப்பு. பக்கத்து வீடு, கிளாசிலும் என் பக்கத்து நாற்காலி. "அப்ப போர்டுலயும் சூரியவேல்னே படி, டீச்சர் ரெண்டு மார்க் சேத்துப் போடுவாங்க" என்று நாளெல்லாம் கேலி. அக்காவுக்கு என்ன, வாசலில் நின்றுகொண்டு அப்பாஸு, அப்பாஸு, கேஸ் தீந்துருச்சு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடும். "பேர் சொல்லிக் கூப்பிட்டே பாதி நேரம் திரும்ப மாட்டேங்கறாரு, சொல்லாம இருந்தா நான் தனியாத்தான் குடித்தனம் பண்ணோணும்" என்னும். பேரை மாற்றிப் படிக்கட்டுமா என்று டீச்சரிடம் கேட்கலாம் என்றால் அதைக் கேட்பதற்கே ஏன் என்று சொல்லியாகணும், அதைச் சொல்ல நாக்கு வருமா, வராது, மேலும் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படி, பாதிக் கணக்கு படிக்கிறதிலேயே இருக்கு என்பதுதான் அவர்கள் முதல் நாளிலிருந்து சொல்வது.

இன்னொரு வாத்து. இந்த வாத்துக்கு ஒரு கண் அச்சில் சரியாக விழவில்லை, தனியாக எடுத்து வைக்கணும். சரி, பேர் கிடக்கட்டும், பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கணக்கு வருகிறதா, நேற்று வரவில்லையே. நேற்று சோறு வடித்துக்கொண்டே போட்டேன், தெரியாததற்கு எக்ஸ் என்று வை என்று டீச்சர் சொல்லித் தந்திருக்கிறார்கள், அந்த எக்ஸ் எனக்கு முதல் நாளே பிடித்துப்போய்விட்டது, மற்றவர்கள் எல்லாம் கணக்கில் எதற்கு எழுத்து வருகிறது என்று முழித்தார்கள், எனக்கு முழிப்பே இல்லை, பேரைச் சொல்லாமல் ஒரு ஆளைப் பற்றிப் பேசுவது, அதை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பண்ணிக்கொண்டிருக்கிறேனே. இதே எக்ஸ் வந்தபோதுதான் நான் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றேன், ஏழாவதில், கணக்கு சார் போர்டில் அதை எழுதின வாரம் அப்பா காலில் அடிபட்டு வீட்டில் படுத்தார், நான் பனியன் கம்பெனிக்கு, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனேன், அப்புறம் பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை, ரொம்ப நாள் அந்த எக்ஸ் என்ன ஆச்சோ என்று நினைத்துக்கொள்வேன், பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த பை மாதிரி. அதனால் நேற்று எக்ஸ் என்று எழுதினதும் சந்தோசமாகத்தான் இருந்தது. எக்ஸ் என்றால் இவங்க, சரி, இவங்க வயசு எக்ஸ், மகள் வயசு அதில் நாலில் ஒரு பங்கு, அதோடு ஒன்று சேர்க்கணுமா எடுக்கணுமா, சேர்த்தேன், கூட்டினேன், பின்னம் வந்தது, பின்னத்துக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே நாலு, அந்த நாலை எங்கே கொண்டுபோய் வைப்பது, சோறு குழைந்துபோச்சு, கடைசியில் முப்பத்து நாலும் புள்ளி வைத்துக் கொஞ்சமும் வந்தது. எந்த மனுசனுக்கு வயசு புள்ளி வைத்து வரும். எனக்கு மண்டையில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு குழைந்த சோற்றில் தயிரை ஊற்றிவிட்டேன். "என்ன கண்ணு, இன்னிக்கு சோறு கஞ்சியாட்டம் இருக்குது" என்று இவங்க கேட்டார். கணக்குப் போட்டேனுங் மாமா என்றேன். "கணக்கும் இப்பிடித்தான் வந்துச்சா" என்று கேட்டுவிட்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போனார்.

முக்கோணம் பரவாயில்லை, முக்கோணம் எனக்கு வரும். ரெண்டு கோணம் சமம், மூணாவது அதைவிட முப்பது பாகை கூட. டீச்சர் அன்றைக்கு ஒரு காகித முக்கோணத்தைக் கொடுத்து மூணு மூலையையும் கிழிக்கச் சொன்னார்கள், எங்கள் எல்லாருக்கும் காகிதத்தைக் கிழிக்கக் கை வரவில்லை, நல்ல காகிதம், அப்புறம் கிழித்து, மூணு மூலையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் அடியில் நேர்கோடாக நின்றது, யார் கிழித்தாலும் நின்றது, ஜெரினாக்கா கோணல்மாணலாக வெட்டின முக்கோணத்தில்கூட நின்றது. "இதென்ன டீச்சர், கூடிப் பேசி வெச்ச மாதிரி" என்றது அக்கா. நேர்கோடு என்றால் நூற்றெண்பது. வீட்டுக்கு வந்து பனியன் அட்டையிலும் கிழித்துப் பார்த்தேன், அதிலும் நின்றது, அன்றைக்கு எனக்கு என்ன சந்தோசம் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் லூசு என்பார்கள். ஆக எக்ஸ், இன்னொரு எக்ஸ், அப்புறம் எக்ஸும் முப்பதும், மூணு எக்ஸும் முப்பதும் சேர்ந்து நூற்றெண்பது, முப்பதை எடுத்துவிட்டால் நூற்றைம்பது, மூணால் வகுத்தால் ஐம்பது, ஐம்பது, ஐம்பது, எண்பது, கூட்டினால் நூற்றெண்பது, சரி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை படுக்கை இப்படித்தான் இருக்கும், இவங்க பாயில் குறுக்கே, தர்ஷிகா அவங்கப்பா இடுப்பில் காலைப் போட்டுக்கொண்டு, மிச்சமிருக்கிற மூலை எனக்கு, ரொம்பக் குறுகின கோணம், ஆனாலும் மூணும் சேர்ந்து வீட்டுக்குள்ளே அடங்கிவிடுகிறது. இந்த முக்கோணத்தைப் போடச் சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. பொய், பயம்தான். போர்டு குழந்தைகளுக்கு வைத்தது, இடுப்பு உயரம், மேலே அணில் ஆடு எல்லாம் வரைந்திருக்கும், குனிந்துதான் எழுதணும், குனிந்தால் முதுகு எல்லாருக்கும் தெரியும், முதுகில் நூல் ஒட்டியிருக்கும், நான் எழுதுகிற எழுத்து மேலே ஏறிக்கொண்டே போய் ஆட்டின் காலில் முட்டும், சாக்பீஸ் உடையும், எல்லாரும் வாயைத் திறக்காமல் இருப்பார்கள், அந்தச் சத்தமில்லாமைதான் பெரிய பயம், கம்பெனியில் தறி மாதிரி மெசின் ஓடிக்கொண்டே இருந்தால் என்னால் பேச முடியும். தர்ஷிகா அப்பா என்று ஆரம்பித்துவிடலாமா. தர்ஷிகா அப்பாவின் வயது. தர்ஷிகா யாரு, கணக்கில் அவள் இல்லையே என்று டீச்சர் கேட்பார்கள். இல்லைதான். மகள் என்றுதான் இருக்கிறது. மகள்.

மகள். கை நின்றுவிட்டது, நிற்கக் கூடாது, வெட்டு, ஆனால் இரு, இரு. தர்ஷிகா அப்பா. தர்ஷிகாவை வைத்துத்தானே இவங்களைச் சொல்கிறேன். கணக்கும் அதைத்தானே சொல்கிறது, மகளின் வயதைப் போல் நான்கு மடங்கு என்றால் மகளைப் பிடித்துக்கொண்டு அப்பாவைச் சொல்லு என்றுதானே அர்த்தம். நான் என்ன பண்ணினேன், பேர் சொல்லக் கூடாத ஆள் இவங்கதானே என்று இவங்களைக் கொண்டுபோய் எக்ஸ் ஆக்கிவிட்டேன், கையில் பென்சில் எடுத்ததுமே, யோசிக்கவே இல்லை. மகளை எக்ஸ் ஆக்கினால் என்ன. நாளெல்லாம் தர்ஷிகா, தர்ஷிகா என்று தொண்டை வறள ஏலம் போடுகிற பேர், அவளுக்கு எதற்கு எக்ஸ் என்று தோன்றியிருக்கும், அதுதான். வைத்துப் பார்க்கிறேன். மகள் எக்ஸ். அப்பா நாலு எக்ஸ், அதில் ஒன்று குறைவு. பின்னமே இல்லை. கூட்டு. எக்ஸும் நாலு எக்ஸும் அஞ்சு எக்ஸ், அதில் ஒன்று குறைந்தால் நாற்பத்து நாலு. அந்தக் குறைகிற ஒன்றை அந்தப் பக்கம் அனுப்பினால் கூட்டலாக மாறும், கல்யாணம் ஆனதும் பேருக்கு முன்னால் அப்பா எழுத்து போய் வேறே எழுத்து வருகிற மாதிரி, வாசல் தாண்டினால் மாறித்தான் ஆகணும் என்று இதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் டீச்சர் அப்படிச் சொல்லவில்லை, ரெண்டு பக்கமும் ஒன்றைக் கூட்டு என்றார்கள், தராசு மாதிரி, இங்கே குறைந்த ஒன்று நிரம்பிவிடுகிறது, அங்கே நாற்பத்தஞ்சு ஆகிவிடுகிறது, யாரும் எங்கும் போகவில்லை. அஞ்சு எக்ஸ் நாற்பத்தஞ்சு. எக்ஸ் ஒன்பது. ஒன்பது. முழுசான ஒன்பது, புள்ளி இல்லை, கோடு இல்லை. அப்பா, நாலொன்பது முப்பத்தாறு, ஒன்று போனால் முப்பத்தஞ்சு. சரி பார், முப்பத்தஞ்சும் ஒன்பதும் நாற்பத்து நாலு. இன்னொரு தடவை பார். நாற்பத்து நாலுதான். வந்துவிட்டது. எழுந்து ஓடணும் போல இருக்கிறது, எங்கே ஓடுவது, மடியில் முழுக்க வாத்து. ஒன்றுமில்லாத மண்டை என்று நேற்று நினைத்தேன், மண்டை நன்றாகத்தான் இருந்திருக்கிறது, மரியாதைதான் அதிகமாகப் போச்சு.

இனி மிச்சம் பேர்தான். கணக்கு கையில் இருக்கும்போது பேருக்காக உட்கார்ந்திருந்தால் அது எனக்கே பொறுக்காது. சொல்லிப் பார்க்கலாமா, வாயை மூடிக்கொண்டு, உதடு ஆடாமல். ஆச்சு, ஒன்றும் ஆகவில்லை. உதட்டை ஆட்டி, சத்தமில்லாமல். க, பரவாயில்லை, தி, ர், என்னமோ திருடப்போகிறவள் மாதிரி இருக்கிறது. தர்ஷிகா வாசற்படியில் உட்கார்ந்து வெட்டின நூலை எல்லாம் பந்தாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள், அவள் முதுகுதான் தெரிகிறது. மெல்ல, காகிதத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி, படிக்கிறதுதானே, நானாகக் கூப்பிடவா செய்கிறேன். "கதிர்வேலின் வயது" என்றேன். மெல்லத்தான் சொன்னேன், ஆனால் இத்தனை வருசம் உள்ளேயே இருந்த வார்த்தை இல்லையா, அது தன்பாட்டுக்குப் பெரிசாக வந்துவிட்டது. உள்ளே பாய் சரசரத்தது. "ம், யாரு" என்றார் இவங்க. டிரிம்மரைக் கீழே போட்டுவிட்டேன். லுங்கியை இறுக்கிக்கொண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றார். "யாரு வந்திருக்கறாங்க, என்னய யாரோ கூப்பிட்டாங்களே." நான் வாத்துப் பனியனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பிசிறு தேடினேன். தர்ஷிகா திரும்பி, "அம்மாதாம்ப்பா. அம்மா உங்க பேரச் சொன்னாங்க" என்றாள். "நெசமா" என்றார். "கணக்குல இருக்குதுங் மாமா. படிச்சுத்தான் ஆகோணும், டீச்சர் வெச்ச பேரு" என்று வாத்துக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். காகிதத்தை ஆணியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படித்தார், படிக்கப் படிக்கச் சிரிப்பு கூடிக்கொண்டே போச்சு. "இவனுக்கு என்ன வயசு வந்துது உனக்கு" என்று கேட்டார். முப்பத்தஞ்சுங் என்றேன். "எனக்கு முப்பத்து மூணுதான ஆகுது." ஆமாங். "அப்ப ரெண்டு வருசம் மேல போட்டுக் குடுத்திருக்கறாங்க பாரு உன்ற டீச்சர். ஒரு தடவ பேர் சொன்னா ஒரு வயசு கொறையும்னா, ரெண்டு தடவ தாராளமாச் சொல்லலாம். இப்ப ஒண்ணு சொல்லிட்டே. இன்னொண்ணு இருக்குது, போர்டுல போய்ச் சொல்லிட்டு வா." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார், போகிறபோது, "சத்தமாச் சொல்லு கண்ணு, எனக்கே அரைத் தூக்கத்துலதான் கேட்டுது" என்றார். நான் பனியனை இறக்கவே இல்லை, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும், வாத்துக்குத்தான் தெரியும். தண்ணி மொள்ளுகிற சத்தம் கேட்கிறது, தர்ஷிகா என் முதுகுப் பக்கம் வந்து ஒட்டியிருக்கிற நூலை ஒவ்வொன்றாக எடுக்கிறாள், எடுக்கட்டும், போர்டில் குனியும்போது முதுகு சுத்தமாக இருக்கும், முதலில் கணக்கைப் படிக்கணும், அப்புறம் மகளின் வயது எக்ஸ் என்க என்று எழுதணும், எழுத்து மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளணும், ஏறினால் ஏறட்டும், ஆட்டின் காலுக்குக் கீழே ஒன்பது நிற்கும், மீதி பனியனை வந்து வெட்டிக்கொள்ளலாம், ஜெரினாக்கா வாசலில் செருப்பைத் தேய்க்கிற சத்தம், "கோகி, வாரியா, இல்ல இன்னிக்கும் தலைவலியா" என்கிறது, இதோ வந்துட்டேனுங்க்கா, தலைவலி எல்லாம் இல்லை, பென்சில் எங்கே, காகிதம் இவங்க எங்கே வைத்தார், வேண்டியதில்லை, எனக்கு மனப்பாடமாகத் தெரியும், கடைசி நாற்காலிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லணும், கதிர்வேலின் வயது, அவருடைய மகளின்